அளவு ஜாக்கெட்

எதிர்வீட்டுக்காரி: அத்தியாயம் 17

போன வாரம் ஜெனிட்டாவைக் கையில் செல்போனோடு அடுப்படியில் நிற்க வைத்துவிட்டு வந்துவிட்டோம். பாவம், ஏழு நாளாக நின்றால் கால் கடுக்காதா? வாருங்கள், முதலில் அவளை உட்கார வைப்போம்.

நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்கு நாலு வரி சொல்லிவிடுகிறேன். பழைய வாசகர்கள் அதற்குள் ஒரு வாய் காப்பி குடித்துவிட்டு வரலாம்.

தஞ்சாவூர் மாலைப் பத்திரிகை ஒன்றில் பதினான்கு வருஷம் ‘எதிர்வீட்டுக்காரி’ என்ற பெயரில் சினிமாக் கிசுகிசு எழுதியவள் நம் ஜெனிட்டா. யார் பேரையும் எழுத மாட்டாள். ‘முறுக்கு மீசை இயக்குநர்’, ‘மூணு மாடி வீட்டு நாயகன்’ என்று கோடு காட்டுவாள். மிச்சத்தை ஊர் பார்த்துக்கொள்ளும். எழுதுவது யார் என்பது ஆசிரியருக்கும், புருஷன் ஆன்டோவுக்கும், மாமியார் செபஸ்தியம்மாளுக்கும் மட்டும்தான் தெரியும்.

பத்திரிகையை மூடினார்கள். ஜெனிட்டா உள்ளூர் கேபிளில் பேசப் போனாள், அங்கிருந்து சென்னைச் சேனல் அவளைக் கொத்திக்கொண்டு போயிற்று. இன்றைக்கு ‘வாங்க, உக்காருங்க’ நிகழ்ச்சி ஞாயிறு காலை பதினொரு மணிக்கு ஆரம்பித்தால் தெருவில் ஆள் நடமாட்டம் குறைகிறது. வாயே திறக்காத நடிகர்கள்கூட அவளிடம் வந்து மனசைக் கொட்டுகிறார்கள். காரணம் ஒன்றுதான். ஜெனிட்டா அக்கா நோகடிக்க மாட்டாள் என்ற நம்பிக்கை.

அந்த அக்காதான் எதிர்வீட்டுக்காரி என்று தெரிந்தால்? ஒரு ஈ காக்காய் அந்த நாற்காலியில் உட்காராது. நாளைக்குத் திங்கட்கிழமை சேனலோடு புது ஒப்பந்தம். வாரம் ஒரு நாள் போய், தினமும் நிகழ்ச்சி. இந்த நேரம் பார்த்துத்தான் நடிகை வானதியிடமிருந்து அந்தச் செய்தி வந்து விழுந்தது.

‘அக்கா, இன்னிக்கு நேரலையில் நான் ஒரு ஆளைத் தேடப் போகிறேன். தஞ்சாவூர் எதிர்வீட்டுக்காரி. நீங்கள்தான் கண்டுபிடித்துக் கொடுக்க வேண்டும்.’

போதுமா? இனி அடுப்படிக்குப் போகலாம்.

“அத்தை, எனக்குக் கை நடுங்குது.”

“நடுங்குற கையோட உப்பு போடாத. தள்ளு, நான் போடறேன்.”

செபஸ்தியம்மாளுக்கு எழுபது வயசு. மாதா கோயிலில் முதல் பூசைக்குப் போய்விட்டு வந்து, கட்டின பட்டுச் சேலையை அவிழ்க்காமல் மேலே ஒரு துண்டைப் போர்த்திக்கொண்டு சட்னிக்குத் தாளித்துக்கொண்டிருந்தாள். கீழவாசலில் நாற்பத்தைந்து வருஷமாக அவளுடைய தையல் கடை. கிசுகிசுவுக்குச் சரக்கு எங்கிருந்து வந்தது என்று நினைக்கிறீர்கள்? எல்லாம் அந்தத் தையல் மெஷின் அடியில் இருந்துதான். எந்த வீட்டில் நிச்சயம், எந்த வீட்டில் சண்டை, யார் இளைத்தார்கள், யார் பெருத்தார்கள் என்பதெல்லாம் அவளுடைய அளவு நோட்டுக்குத்தான் முதலில் தெரியும்.

“உங்களுக்குப் பயமாவே இல்லையா, அத்தை?”

“எனக்கென்னடி பயம்? நான் எடுத்த அளவு தப்பல. ஆள்தான் தப்பு.”

“ஆள் தப்புன்னா எல்லாமே தப்புதான் அத்தை!”

நடந்தது இதுதான். பதினாறு வருஷத்துக்கு முன்னால், வலங்கைமான் பெண் வானதி சினிமாவில் கிடுகிடுவென்று மேலே வந்துகொண்டிருந்தாள். பெரிய இயக்குநர் படத்தில் நாயகி வேஷம். நாயகியானாலும் ஜாக்கெட் மட்டும் செபஸ்தியம்மாள் கையால்தான். சென்னையில் கழுத்தை இறக்கித் தைத்துவிடுகிறார்கள் என்று அவள் அம்மாவுக்குக் குறை. பட பூஜைக்காக நாலு பட்டு ஜாக்கெட் துணி ஒரு பையில் வந்தது. கூடவே, வழக்கம்போல, அளவுக்கு ஒரு பழைய ஜாக்கெட்.

செபஸ்தியம்மாள் அந்த அளவு ஜாக்கெட்டை விரித்துப் பார்த்தாள். தோள், கை, முதுகு எல்லாம் நோட்டில் இருந்த அளவுதான். மார்புச் சுற்று மட்டும் இரண்டு அங்குலம் கூட. ஓரத்தையலை யாரோ கையாலேயே பிரித்து விட்டிருந்தார்கள். கொக்கியையும் நகர்த்தித் தைத்திருந்தார்கள். அவளுக்கு அது போதாதா? “மூணு மாசம்” என்றாள்.

மறுநாள் சாயங்காலப் பத்திரிகையில் எதிர்வீட்டுக்காரி எழுதிவிட்டாள். வானதி கையிலிருந்து அந்தப் படம் ஒரே வாரத்தில் போய்விட்டது. அதோடு ஊருக்கு வந்தவள், பதினைந்து வருஷம் சினிமாப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

பத்து நாள் கழித்து நாலு ஜாக்கெட்டும் கீழவாசலுக்குத் திரும்பி வந்தன. ‘தொளதொள என்று இருக்கிறது, பிடித்துக் கொடுக்கவும்’ என்று ஒரு சீட்டு. அடக் கடவுளே, பைக்குள் வேறு யாருடைய ஜாக்கெட்டோ வந்திருக்கிறது! ஜெனிட்டா பதறியடித்து ஆசிரியரிடம் ஓடினாள். மறுப்பு போடுங்கள் என்று கெஞ்சினாள்.

“யாருக்கும்மா மறுப்பு?” என்றார் அவர். “நாமதான் யாரு பேரையும் எழுதலையே. மறுப்பு போட்டா பேரைப் போடணும். போட்டா, நேத்து வரைக்கும் தெரியாதவனுக்கும் தெரிஞ்சுடும்.”

அதோடு ஊருக்கு அந்தப் பேச்சு முடிந்தது. ஜெனிட்டாவுக்கு முடியவில்லை. ஒவ்வொரு தவக்காலமும் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் மண்டிபோட்டு அதையே சொல்கிறாள். பங்குச் சாமியார்கள் நாலு பேர் மாறிவிட்டார்கள், பாவம் மாறவில்லை. செபஸ்தியம்மாளுக்கு வேறு கவலை. “அப்ப அந்த ஜாக்கெட் யாரோடது?” என்று சோற்றில் கைவைக்கும்போதெல்லாம் கேட்பாள்.

கொல்லைப்பக்கம் கை கழுவிவிட்டு ஆன்டோ உள்ளே வந்தான். அவனுக்கு அறுவடை மெஷின் இரண்டு ஓடுகிறது. தை மாசம், சம்பா அறுப்பு. அவன் போன் ஓயாமல் அடித்துக்கொண்டிருந்தது.

“அண்ணாதுரை அண்ணே, மிஷினு கிளம்பியாச்சு, துரைராசு ஓட்டிட்டு வர்றான்... நான் வரலண்ணே. இன்னிக்கு என் பொண்டாட்டிக்கு அறுப்பு.”

“என்னங்க இது பேச்சு?” என்றாள் ஜெனிட்டா.

“பின்ன? நூறாவது எபிசோடு. நான் முன்வரிசையில உக்காந்திருப்பேன். நீ சொன்னாலும் சரி, சொல்லாட்டியும் சரி.”

“சொன்னா வேலை போயிடும்ங்க.”

“போனா போவுது. மூணு வருஷத்துக்கு முன்னாடி சேனலா சோறு போட்டுச்சு?”

ஜெனிட்டாவுக்குக் கண் கலங்கிவிட்டது. “சோத்துக்காகச் சொல்லலங்க. எனக்கு இந்த வேலைன்னா உசுரு. எதிர்க்க ஒரு ஆள் உக்காந்து, மூஞ்சி தெளிஞ்சு, சிரிச்சுப் பேசுறப்ப எனக்கு எவ்வளவு சந்தோஷமா இருக்கு தெரியுமா? பதினாலு வருஷம் ஒளிஞ்சுக்கிட்டு எழுதினேன். ஒரு நாள்கூட இப்படி இருந்ததில்ல.”

ஆன்டோ தட்டில் இரண்டு இட்லி வைத்து அவள் கையில் கொடுத்தான். அவள் ஒன்றரை இட்லி சாப்பிட்டாள்.

நிகழ்ச்சி எங்கே தெரியுமோ? சாட்சாத் ஆன்டோவின் வயலில்! வானதி தஞ்சாவூரில்தான் பேட்டி என்று கண்டிஷன் போட்டுவிட்டாள். தை மாச முகூர்த்த நாளில் தஞ்சாவூரில் கல்யாண மண்டபம் கிடைக்குமா? கேட்ட இடமெல்லாம் கையை விரித்தார்கள். கடைசியில், வெண்ணாற்றங்கரை ஓரம், நாலு நாள் முன்னால் அறுத்த வயலில் மேடை போட்டார்கள். வைக்கோல் கட்டுகளை உருட்டி வந்து ஜனங்களுக்கு இருக்கை. பின்னால் பச்சையாய் வாழைக்கொல்லை. சென்னைக்காரர்கள் சொக்கிப்போனார்கள்.

சொக்கியது சரி, காலைப் பார்த்து வைக்க வேண்டாமா?

“யப்பா கேமராக்காரரே! வரப்பு மேல நடங்க! உளுந்து மொளைச்சிருக்கு, மிதிக்காதீங்க!” செபஸ்தியம்மாள் குடையை நீட்டிக்கொண்டு கத்தினாள். அறுப்புக்கு ஒரு வாரம் முன்னால் தெளித்த உளுந்து, அறுத்த நெல் தாளுக்கு நடுவே இரண்டு இலை விட்டிருந்தது. கேமராக்காரர் குனிந்து பார்த்தார். அவர் கண்ணுக்குப் புல்தான் தெரிந்தது. இருந்தாலும் வரப்புக்கு ஏறிவிட்டார்.

தயாரிப்பாளர் அனீஸா, முப்பது வயசுச் சுறுசுறுப்பு, காதில் ஹெட்போனோடு ஓடிவந்தாள். “ஜெனி மேடம், சென்னையில எல்லாரும் செம குஷி. வானதி மேடம் யாரையோ தேடப் போறாங்களாமே? ரேட்டிங் பிச்சுக்கும்!”

“பிச்சுக்கும்மா,” என்றாள் ஜெனிட்டா. எது என்று சொல்லவில்லை.

பத்தே முக்காலுக்கு வானதியின் கார் வந்தது. போன வருஷம் கண்டிப்பான தலைமையாசிரியை வேஷத்தில் திரும்பி வந்து நாட்டையே கட்டிப்போட்டவள், வரப்பில் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு நடந்துவந்தாள். பின்னால் அவளுடைய அண்ணன், அண்ணி, அவர்கள் மகள் ஒரு ரெட்டைச் சடைப் பெண். ஊர் ஜனம் விசிலடித்தது. வானதி யாரையும் பார்க்காமல் நேராக ஒரு இடத்துக்குப் போனாள்.

“டெய்லரம்மா! இன்னும் அதே கண்ணாடியா?”

“நீ மட்டும் என்னவாம்? தோள் அரை இஞ்ச் எறங்கிருக்கு. சாப்பிடுறியா இல்லையா?”

வானதி குலுங்கிச் சிரித்துக் கிழவியைக் கட்டிக்கொண்டாள். செபஸ்தியம்மாளுக்கு வாய் துறுதுறுவென்றது. ஜெனிட்டா பக்கத்தில் வந்து அவள் முழங்கையை ஒரு கிள்ளு கிள்ளினாள்.

“ஜெனிட்டா அக்கா!” வானதி இப்போது இவள் கையைப் பிடித்துக்கொண்டாள். “உங்க ஷோவுக்குத்தான் முதல் பேட்டின்னு நான் முன்னாடியே முடிவு பண்ணிட்டேன். உங்ககிட்டதான் பயமில்லாமப் பேசலாம்னு எல்லாரும் சொல்றாங்க.”

ஜெனிட்டா மேடைக்கு வழி காட்டுகிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பதினொரு மணி. நேரலை.

எந்த விருந்தாளியிடமும் ஜெனிட்டாவின் முதல் கேள்வி ஒன்றுதான். “சாப்பிட்டீங்களா?” அதைக் கேட்டுவிட்டு அவசரப்படாமல் காத்திருப்பாள். பதிலில்தான் ஆள் வெளியே வருவார். வானதி, காலையில் அண்ணி கொடுத்த பழைய சோறும் மோர்மிளகாயும் என்று ஆரம்பித்தாள். அப்புறம் அவளை நிறுத்த முடியவில்லை.

“முதல் படத்துல நடவு சீன்க்கா. டைரக்டர் நாத்துக் கட்டை வாங்கி, வேரு மேல இருக்குற மாதிரி புடிச்சுக்கிட்டு, ‘இப்படி நடும்மா’ங்குறாரு. எனக்கு வந்துச்சே கோவம்! ‘சார், நீங்க வேணா தலைகீழா நடுங்க, எங்க ஊர்ல இப்படித்தான்’னுட்டு முழுப் பாத்தியையும் நட்டுட்டேன். அவரு கட் சொல்லவே மறந்துட்டாரு.”

வயலே சிரித்தது. அந்த நேரம் பார்த்து முன்வரிசையில் ஆன்டோவின் போன் அலறியது. அனீஸா முறைத்தாள். ஆன்டோ போனை வேட்டிக்குள் ஒளிக்கப் பார்த்தான்.

“எடுத்துப் பேசுங்கண்ணே,” என்றாள் வானதி மேடையிலிருந்து. “தை மாசத்துல மிஷின்காரர் போனை எடுக்கலேன்னா விவசாயி நெஞ்சு என்ன ஆவும்?”

“அண்ணாதுரை அண்ணே, டிவியப் பாருண்ணே, நேரலைண்ணே!” என்று ஆன்டோ கத்த, அதுவும் தமிழ்நாடு முழுக்கப் போயிற்று. ஜெனிட்டாவும் தன்னை மறந்து சிரித்துவிட்டாள். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த அரை மணி நேரம் அவளுக்கு எதிர்வீட்டுக்காரி ஞாபகமே இல்லை.

விளம்பர இடைவேளை மூன்று நிமிஷம்.

வானதி கைப்பையைத் திறந்து எதையோ வெளியே எடுத்து வைத்தாள். ஜெனிட்டா தண்ணீர் குடிக்கிற சாக்கில் மேடைக்குப் பின்னால் போனாள். அங்கே செபஸ்தியம்மாள் ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தாள்.

“இந்தா பாரு, ஜெனி. நான் மேல ஏறி, அந்த எதிர்வீட்டுக்காரி நான்தான்னு சொல்லிடுறேன்.”

“அத்தை!”

“என்ன அத்தை? பாதி நான்தான? மூணு மாசம்னது நானு. எனக்கு என்ன போவப் போவுது, ஒரு ஓட்டை மிஷினு. உனக்குப் பொழப்பு இருக்கு. சந்தோஷமா இருக்கேன்னு காலையில சொன்னியே, நான் கேட்டுக்கிட்டுதான் இருந்தேன்.”

மாமியாரும் மருமகளும் இருபத்து மூன்று வருஷத்தில் சண்டை போடாத விஷயம் கிடையாது. உப்பிலிருந்து உடுப்பு வரைக்கும் போட்டிருக்கிறார்கள். ஜெனிட்டா மாமியார் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

“நீங்க எங்கிட்டதான் சொன்னீங்க. ஊருக்குச் சொன்னது நான் அத்தை.”

“முப்பது செகண்ட்!” என்று அனீஸாவின் குரல்.

மறுபடி நேரலை. வானதி ஒரு பத்திரிகைத் துணுக்கைக் கையில் பிடித்திருந்தாள். பிளாஸ்டிக் உறை போட்டுப் பத்திரமாக வைத்திருந்தாள். பதினாறு வருஷத்துத் தாள், மஞ்சளாகியிருந்தது.

“இதை நானே படிக்கிறேன்க்கா. ‘வலங்கைமான் பக்கத்து வெண்ணெய்க்கட்டிக்கு மூணு மாசமாம். தாலி எப்போது ஏறியது என்று எதிர்வீட்டுக்காரிக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் ஒரு கார்டு போடவும்.’” நிமிர்ந்தாள். “இதை எழுதினவங்க இந்தத் தஞ்சாவூர்லதான் எங்கேயோ இருக்காங்க. அவங்க இதைப் பார்த்துக்கிட்டு இருந்தா, தயவுசெஞ்சு ஒரு போன் பண்ணுங்க. நம்பர் கீழ ஓடும்.”

கீழே நம்பர் ஓடியது. ஜெனிட்டா என்ன சொல்லியிருக்கலாம்? ‘யாராக இருந்தாலும் கூப்பிடுங்கள்’ என்று ஒரு வரி போதும். யாரும் கூப்பிடப் போவதில்லை. நாளைக்குக் கையெழுத்து. நாளன்றைக்கு எல்லாம் மறந்துபோகும். அந்த வரி அவள் நாக்கின் நுனிவரைக்கும் வந்தது.

“போன் வேண்டாங்க, வானதி,” என்றாள். “அது நான்தான்.”

வானதி சிரித்தாள். “விளையாடாதீங்கக்கா.”

“விளையாடல. எதிர்வீட்டுக்காரி நான்தான். பதினாலு வருஷம் எழுதினேன். இதையும் நான்தான் எழுதினேன். உங்க வீட்டுலேர்ந்து வந்த அளவு ஜாக்கெட்டுல சுத்தளவு கூடியிருந்துச்சு. அதை வச்சு எழுதிட்டேன். பத்து நாள்ல அது உங்க ஜாக்கெட்டே இல்லன்னு தெரிஞ்சுபோச்சு. பேரு எழுதலையே, அதனால மறுப்பு போட முடியாதுன்னு ஆசிரியர் சொன்னாரு. எனக்கும் அது வசதியா இருந்துச்சு. உங்களை நேர்ல வந்து பாக்க தைரியம் இல்ல. உங்க படம் போனதுக்கு நான்தான் காரணம். மன்னிச்சுடுங்க. மன்னிக்கலைன்னாலும் சரிங்க, சொல்லிட்டேன்.”

அனீஸாவின் ஹெட்போனில் சென்னை அலுவலகம் கத்தியது. ‘விளம்பரம் போடு! விளம்பரம் போடு!’ என்கிறார்கள். அனீஸா ஹெட்போனைக் கழற்றிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, கேமராவை நிறுத்தாதே என்று கையைக் காட்டினாள்.

வானதியின் கண்ணில் நீர் முட்டியது. “ஒரு வருஷம் நான் வெளியில வரலக்கா. கோயிலுக்குப் போனா வயித்தைப் பாப்பாங்க. கோவமா வருது எனக்கு. நீங்களா? உங்களையா நான்...” என்று நிறுத்தி, மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

ஜெனிட்டா தலை குனியவில்லை. அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஆனா நான் தேடி வந்தது சண்டைக்கு இல்ல,” என்றாள் வானதி. “ஒரு விஷயம் எனக்குப் புரியாமயே இருந்துச்சு, அதைக் கேக்கத்தான் வந்தேன். இந்தச் செய்தி வந்ததும், புரொட்யூசர்கிட்ட காட்ட ஒரு சர்டிபிகேட் வாங்கலாம்னு அம்மா என்னைக் கும்பகோணத்துக்கு ஒரு டாக்டரம்மாகிட்ட கூட்டிட்டுப் போனாங்க. துணைக்கு அண்ணி வந்தாங்க. டாக்டரம்மா என்னைப் பார்த்துட்டு, உனக்கு ஒண்ணுமில்லன்னாங்க. அப்புறம் அண்ணியைப் பார்த்து, ‘நீ ஏம்மா இப்படி வெளிறிப்போயிருக்க?’ன்னாங்க. அண்ணிக்குக் கல்யாணம் ஆகி ஒன்பது வருஷம், குழந்தை இல்ல. வயித்துல கட்டின்னு யாரோ சொன்னதைக் கேட்டு மாத்திரை சாப்பிட்டுக்கிட்டு இருந்தாங்க. அடுத்த வாரம் கட்டியை எடுக்கப் போறதா இருந்துச்சு.”

“கட்டியா?”

“கட்டி இல்லக்கா. மூணு மாசம்.”

வயலில் யாரோ “அம்மாடி!” என்றார்கள்.

“இன்னும் ஒரு வாரம் போயிருந்தா புள்ள தங்கியிருக்காதுன்னாங்க டாக்டரம்மா. நீங்க எழுதலைன்னா நாங்க கும்பகோணமே போயிருக்க மாட்டோம். என் சந்தேகம் இதுதான்க்கா. எங்க வீட்டுல யாருக்குமே தெரியாத மூணு மாசம், எதிர்வீட்டுக்காரிக்கு எப்படித் தெரிஞ்சுச்சு?”

இதற்கு மேல் செபஸ்தியம்மாளைப் பிடித்துவைக்க ஆன்டோவால் முடியுமா? உளுந்தாவது ஒன்றாவது! பட்டுச் சேலையை வாரிச் செருகிக்கொண்டு, முளைத்ததையெல்லாம் தானே மிதித்துக்கொண்டு மேடை ஏறிவிட்டாள்.

“அடியே வானதி! கொக்கிய நகத்தித் தச்ச அந்த ஜாக்கெட்டு யாருதுடி?”

“அக்கா சொன்னாங்களே, அந்த அளவு ஜாக்கெட்டா?”

“பையில வந்ததுடி! மேல மஞ்சப் பூ, உள்ள பச்சை நூலால கையிலயே தச்சிருந்துச்சே!”

முன்வரிசையில் வானதியின் அண்ணி விருட்டென்று எழுந்தாள். “ஐயய்யோ, அது என்னுது! குண்டாயிட்டேன்னு நெனச்சு நானே பிரிச்சு விட்டேன். நல்லா தச்சு வாங்கலாம்னு பைக்குப் பக்கத்துல வச்சிருந்தேன். அதுவா உள்ள போச்சு?”

“அண்ணி என் மாமன் மக,” என்றாள் வானதி, மெல்ல மெல்ல விளங்கியவளாய். “எங்க ரெண்டு பேருக்கும் ஒரே தோளு...”

“நான் சொன்னேன்ல!” செபஸ்தியம்மாள் ஜெனிட்டாவின் மைக்கை இழுத்து அதற்குள்ளேயே கத்தினாள். “பதினாறு வருஷமாச் சொன்னேன்ல! அளவு தப்பாதுன்னு!”

வைக்கோல் கட்டுகள் மேலிருந்த ஜனம் முழுக்க எழுந்து கைதட்டியது. வானதி அழுதுகொண்டே சிரித்தாள். சிரித்துக்கொண்டே கையை நீட்டி அந்த ரெட்டைச் சடைப் பெண்ணைக் கூப்பிட்டாள்.

“இவதான்க்கா அந்த மூணு மாசம். பேரு சீதளா, எங்க வலங்கைமான் அம்மன் பேரு. ஆனா வீட்டுல நாங்க கூப்பிடுறது எதிர்வீட்டுக்காரின்னுதான்.”

சீதளா ஜெனிட்டாவை மேலும் கீழும் பார்த்தாள். “ஆன்ட்டி, இப்ப ஸ்கூல்லயும் என்னை அப்படித்தான் கூப்பிடுறாங்க. எங்கிட்டயும் ஒரு சாரி சொல்லுங்க.”

ஜெனிட்டா சொல்ல வாயைத் திறந்தவள், அந்தக் குழந்தையை இழுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓவென்று அழுதுவிட்டாள். பேட்டி எடுக்கிறவள் நேரலையில் இப்படி அழலாமா என்று கேட்பவர்கள் கேட்டுக்கொள்ளுங்கள். எனக்கும் எழுதும்போது கண் மறைத்தது.

“படம் போன கோவம் அப்படியேதான் இருக்கு,” என்றாள் வானதி, அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தபடி. “சாப்பிட்டு முடிச்சதும் சண்டை போடுறேன்.”

சாப்பாடு வாழைக்கொல்லை நிழலில். செபஸ்தியம்மாளும் வானதியின் அண்ணியும் அடுத்தடுத்த இலையில் உட்கார்ந்து பதினாறு வருஷத்துக் கதையைப் பேசித் தீர்த்துக்கொண்டிருந்தார்கள். வானதி தன் சண்டையை மோர்ச் சோறு வரைக்கும் தள்ளிப்போட்டிருந்தாள். ஆன்டோ எல்லாருக்கும் அப்பளம் போட்டுக்கொண்டு வந்தான். மனைவியின் இலைக்கு மட்டும் இரண்டு.

அனீஸா சாப்பிடவில்லை. கையில் போனோடு வந்து ஜெனிட்டாவின் அருகில் குந்தினாள்.

“மேடம், சென்னையில ரெண்டு கட்சி. பாதிப் பேர் உங்களைத் தலையில தூக்கி வச்சு ஆடறாங்க. பாதிப் பேர், இனிமே எந்த ஸ்டாரும் வர மாட்டாங்கன்னு சொல்றாங்க. எல்லாம் ஒரு ஆளு கையில இருக்கு. புது நிகழ்ச்சிக்கு முதல் விருந்தாளி.”

“காமெடி நடிகர் குணசேகரன்தான?”

“அவரேதான். அவர் வந்தா மத்தவங்களும் வருவாங்க. அவர் மாட்டேன்னா நாளைக்குக் கையெழுத்து இல்லன்னு எம்.டி. சொல்லிட்டார்.” அனீஸா போனைக் காட்டினாள். “அவர் நம்பர்லேர்ந்து நாலு தடவை கால் வந்துடுச்சு. உங்ககிட்டதான் பேசணுமாம்.”

ஜெனிட்டா மாமியார் பக்கம் திரும்பினாள். குரலைத் தணித்துக்கொண்டாள்.

“அத்தை, குணசேகரன் சாரைப் பத்தி நாம ஏதாவது எழுதியிருக்கோமா?”

“ஏன், ஞாபகம் இல்லையா? பத்திரிகை இருந்தப்ப ஒரு தீபாவளிக்கு எழுதினியே. ‘ஒரே பட்டுத் துணியில் ரெண்டு ஜாக்கெட், ரெண்டும் வேற வேற அளவு, சிரிப்பு நடிகர் சிரிக்கவில்லை’ன்னு.”

“கர்த்தரே! அதுவும் ஆள் மாறினதுதான?”

செபஸ்தியம்மாள் ரசத்தை உறிஞ்சிவிட்டு நிதானமாகத் தலையை ஆட்டினாள். “அதுல ஆளும் மாறல. அவரே கடைக்கு வந்து குடுத்துட்டுப் போனாரு.”

போன் ஐந்தாவது தடவையாக அடித்தது. ஆன்டோ அப்பளத் தட்டோடு அப்படியே நின்றான். ஜெனிட்டா கையைச் சேலைத் தலைப்பில் அவசரமாகத் துடைத்துக்கொண்டு, பச்சைப் பொத்தானை அழுத்தினாள். இனிமேல் ஒளிவதற்கு என்ன இருக்கிறது?

“வணக்கம் சார். ஜெனிட்டாதான் பேசுறேன்.”

பேசியது சார் இல்லை. ஒரு பெண்குரல். கோபமா, சிரிப்பா என்று கண்டுபிடிக்க முடியாத குரல்.

“அக்கா, நான் குணசேகரனோட சம்சாரம் பேசுறேன். அவரு பக்கத்துலதான் உக்காந்திருக்காரு, வேர்த்துப்போய். அந்தத் தீபாவளிக்கு எனக்கு ஒரு ஜாக்கெட்தான் வந்துச்சு. இன்னொண்ணு யாருக்குக்கா?”